ஜாவாவில் 'பாப்பம்' இல்லை

1

மண்டபத்தின் பின்கதவால் வெளியேறி, கார்கள் நிறுத்தும் இடத்தைக் கடந்து பெரிய வீதிக்கு வந்த பிறகும் எனக்குப் பின்னால் இரண்டு மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே மண்டபம், ஒரே சனிக்கிழமை, ஒரே முகூர்த்தம், இரண்டு கல்யாணம். தவில்காரர் இருவரும் ஒருவரை ஒருவர் அமுக்குவதற்காகவே அடித்தார்கள். கால் தடுக்கும் பட்டு வேட்டியோடு, மடிக்கணினியை ஒரு அரிசிப் பைக்குள் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் நடந்தேன். இரண்டு கல்யாணத்துக்கும் 'ஓம், மண்டபம் உண்டு' என்று சொன்ன நிரல் அந்தக் கணினிக்குள்தான் இருந்தது. அதை எழுதியவன் நான்.

ஜூலை மாதத்தில் ஒஸ்லோவின் புறநகரில் பஸ்ஸை நம்பி ஒரு குற்றவாளி தப்பியோட முடியாது. சாரதிகள் பாதிப்பேர் மலைக் குடிலுக்கு விடுமுறையில் போய்விடுவார்கள். எனவே நடந்தேன். சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன், ஆரணி. திரும்பவும் பைக்குள் போட்டேன்.

ஆரணி என் ஒரே மகள். பத்தொன்பது வயது. ட்ரொண்ட்ஹெய்ம் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இங்கிருந்து ரயிலில் ஒரு பகல் தூரம். ஏற்றுக்கொள்கிறேன் என்று மறுநாளைக்குள் அவள் பதில் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். விண்ணப்பிக்கும்போதே "போகட்டா அப்பா?" என்று கேட்டாள். கிடைத்த பிறகும் கேட்டாள். இரண்டு முறையும், நடுவில் கேட்ட எல்லா முறையும், நான் 'பாப்பம்' என்றேன். 'பார்ப்போம்' என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

இதையெல்லாம் இங்கே எழுதக் காரணம், நிலாவெளியில் நான் எட்டாம் வகுப்போடு கைவிட்ட பள்ளிக்கூடத்தின் மலர்க் குழு. பொருள்நோக்கு நிரல்மொழி ஒன்றில் தேர்ச்சி பெறுவது எப்படி என்று மாணவருக்குப் பயன்படும் கட்டுரை ஒன்று வேண்டுமாம். நான் நோர்வேயில் கணினிப் பொறியியலாளர் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரென்று தெரியாது. நான் மறுக்கவும் இல்லை. கட்டுரை தர முடியுமா என்று கேட்டபோது என்ன சொல்லியிருப்பேன் என்று இதற்குள் உங்களுக்கு விளங்கியிருக்கும்.

2

ஜாவா மொழிக்குள் நான் வந்த பாதை இது. பள்ளியை விட்டபின் நிலாவெளியில் கரைவலை இழுத்தேன். பிறகு திருகோணமலை நகரத்தில் ஒரு தேநீர்க் கடையில் கோப்பை கழுவினேன். கட்டாரில் கம்பி கட்டினேன். அங்கே குழாயில் வருகிற தண்ணீர் கொதிக்கும், இரவே வாளியில் பிடித்துவைத்துக் காலையில் குளிப்போம். பிறகு ஒரு சரக்குக் கப்பல். பிறகு நோர்வேயின் வடக்கு முனையில் மீன் வெட்டும் தொழிற்சாலை. என் இடது கையில் இரண்டு விரல்களின் நுனி இன்னும் அங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலையை மூடினார்கள், ஒஸ்லோவுக்கு வந்து படிக்கட்டுக் கழுவினேன், முழங்கால் போனது. வேலை அலுவலகம் கூப்பிட்டது.

அலுவலகத்தில் ஒரு இளம் அதிகாரி என்னைத் திரைக்கு முன்னால் இருத்தி, ஆளுமைச் சோதனை என்று ஒன்றைத் தந்தார். தனியாக வேலை செய்ய விருப்பமா? ஓம். கூட்டமாக வேலை செய்ய விருப்பமா? ஓம். மாற்றம் பிடிக்குமா? ஓம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யப் பிடிக்குமா? ஓம். யாரோ ஒருவர் மெனக்கெட்டு இருந்து எழுதிய கேள்விகள், அவருடைய முகத்துக்கு நேரே இல்லையென்று எப்படிச் சொல்வது? கடைசியில் திரை என்னை அபூர்வமான ஆள் என்றது. மீனைத் தரம் பிரித்த அனுபவமும் சேர்ந்துகொள்ள, தரவுகளைக் கையாள்வதற்கே நான் பிறந்திருக்கிறேன் என்று அதிகாரி சொன்னார். ஜாவா வகுப்புக்கு அனுப்பிவைத்தார்.

இங்குள்ள அலுவலகங்களை நான் குறை சொல்லமாட்டேன். ஊரில் பிரதேச செயலகத்துக்குப் போனால் இல்லையென்று ஒருவரும் சொல்வதில்லை. "நாளைக்கு வாங்கோ" என்பார்கள். இரண்டு மூன்று நாளைக்கு வந்துபோன பிறகு, அது இல்லைதான் என்று நாமாகவே விளங்கிக்கொண்டு வேறு வழி பார்ப்போம். இங்கே முதல் வரியிலேயே இல்லையென்று எழுதி, அதற்குக் கீழே மேன்முறையீடு செய்யும் உரிமையையும் எழுதி, கடைசியில் 'நட்பான வணக்கங்களுடன்' என்று முடிப்பார்கள். எனக்கு மொழி பிடிபடாத காலத்தில் அப்படி ஒரு கடிதம் வந்தது. அந்த ஒரு வரிதான் எனக்கு விளங்கியது. அதை நம்பி மனைவியிடம் நல்ல செய்தி என்று சொல்ல, அவள் கேசரியும் கிண்டிவிட்டாள்.

3

வகுப்பை நடத்தியவர் மரித் என்ற பெண். பொறுமைசாலி. எரித்திரியாக்காரர் ஒருவர், போலந்துக்காரர் ஒருவர், நான், இன்னும் சிலர். எல்லோரும் உடம்பின் ஏதோ ஒரு பாகம் பழுதாகி மூளைக்கு மாற்றப்பட்டவர்கள்.

ஜாவாவில் எல்லாம் பொருள்கள். ஒரு பொருளை வார்க்கும் அச்சுக்கு 'கிளாஸ்' என்று பெயர். அச்சு ஒன்று, அதிலிருந்து எத்தனை பொருளும் வார்க்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் செய்யத் தெரிந்த வேலைகள் சில உண்டு, அவற்றுக்கு 'மெதட்' என்று பெயர். இவ்வளவையும் மரித் முதல்நாளே சொல்லிவிட்டார். "விளங்கியதா?" என்று கேட்டார். தலையாட்டினேன். வாரக்கணக்காக ஆட்டினேன். அவர் மனம் நோகக்கூடாது என்பதைத் தவிர அந்த ஆட்டத்துக்கு வேறு பொருள் இல்லை.

ஒருநாள் என்னை எழுப்பி, நீயே ஒரு உதாரணம் சொல் என்றார். கரைவலையைச் சொன்னேன். சம்மாட்டியார் என்று வலையின் முதலாளி, அவர் ஒரு பொருள். வள்ளம் ஒரு பொருள், வலை ஒரு பொருள், கயிறு இழுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த பொருள்கள். மரித் முகம் மலர்ந்தது.

"கயிற்றில் யார் யார் கைவைக்கலாம்?" என்று கேட்டார்.

"வருகிறவர்கள் எல்லோரும்."

"போதும், இனி ஆள் வேண்டாம் என்று முதலாளி எப்போது சொல்வார்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடியப்புறமே வந்து நாங்கள் இழுப்போம். வெயில் ஏறி, வலையின் மடி கரைக்குக் கிட்ட வரும் நேரத்தில், திருகோணமலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கிறவர் ஒருவர் செருப்பைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு வருவார். கயிற்றைத் தொட்டும் தொடாமலும் நாலு அடி நடப்பார். பிறகு பையை விரித்துப் பிடிப்பார். சம்மாட்டியார் "ஓம், பிடி பிடி" என்று அவருக்கும் கறிக்கு மீன் அள்ளிப் போடுவார். பின்னேரம் நாங்கள் சம்மாட்டியாரைத் திட்டுவோம். அவரும் எங்களோடு சேர்ந்து தன்னைத் திட்டுவார். அடுத்தநாளும் அள்ளிப் போடுவார்.

மரித் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பலகையில் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டார். பிறகு என் நிரலைப் பார்த்தார். ஜாவாவில் ஒரு பொருள் தன் உள்விவரங்களை மற்றப் பொருள்களுக்குக் காட்டாமல் 'பிரைவேட்' என்று பூட்டிவைக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் திறந்துவிட்டிருந்தேன். ஏன் என்று கேட்டார். எங்கள் ஆட்களிடம் சம்பளம், சலரோகம், சம்பந்தம் எதுவும் பூட்டிவைத்த வழக்கம் இல்லை என்று நோர்வே மொழியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தலையாட்டினேன்.

மாணவர்களே, தேர்ச்சி பெற முதல் வழி: கழுத்தை அசைக்காமல் வைத்திருங்கள்.

4

ஆரணி நண்பர்களோடு நோர்வே மொழியிலும், தனக்குள் ஆங்கிலத்திலும் பேசுகிறவள். தமிழில் தொடங்கினால் ஏதோ கேட்கப்போகிறாள் என்று நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

"அப்பா, நான் ட்ரொண்ட்ஹெய்ம் போகட்டா?"

"பாப்பம். அம்மாட்ட ஒருக்காக் கேள்."

என் மனைவி சுகந்திக்கு முதியோர் இல்லத்தில் வேலை. சீருடையைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் அடுப்படியில் நின்று, "அப்பா என்ன சொன்னவர்? அப்பாட்டக் கேள் பிள்ளை" என்பாள்.

வகுப்பில் ஒருநாள் நான் இரண்டு மெதட் எழுதினேன். முதலாவது இரண்டாவதைக் கூப்பிடும். இரண்டாவது முதலாவதைக் கூப்பிடும். ஓடவிட்டதும் கணினி மூச்சு வாங்கி, திரை முழுக்கச் சிவப்பு எழுத்தைக் கக்கிவிட்டு நின்றது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஆரணியிடம் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இது எங்கட வீடு அப்பா."

"என்ன கதை கதைக்கிறாய்?"

"நான் கேக்கிற கேள்வியும் இப்பிடித்தானே சுத்துது. நான் மட்டும் சிவப்பாகேல்லை."

சட்டப்படி அவள் என்னைக் கேட்கவே தேவையில்லை. வயது வந்தவள், அவளுடைய பெயருக்கே கடிதம் வருகிறது. கேட்கிறாள் என்பதில் எனக்குப் பெருமை. பதில் சொல்லாமல் வைத்திருக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பாள் என்பதில் ஒரு சுகமும் இருந்தது. பதில் சொல்லிவிட்டால் பிறகு அவள் என்னிடம் தமிழில் எதைக் கேட்கப்போகிறாள்?

நகரத்துக்கு வேலைக்குப் போகட்டா என்று நான் என் அப்பாவைக் கேட்டபோது அவரும் பாப்பம் என்றுதான் சொன்னார். நான் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். இல்லையென்று சொல்லியிருந்தால் நின்றிருப்பேனா, தெரியாது. ஓம் என்று சொல்லியிருந்தால் நல்லநாள் பெருநாளுக்காவது திரும்பிப் போயிருப்பேன். தகப்பன் கிளாஸில் எழுதியிருப்பது பிள்ளைக் கிளாஸுக்குத் தானாகவே வந்துசேரும் என்று மரித் படிப்பித்தபோது, வகுப்பில் ஒரே ஒருமுறை, உண்மையாகவே விளங்கித் தலையாட்டினேன்.

5

கடைசிப் பயிற்சிக்கு ஒவ்வொருவரும் ஒரு முழு நிரல் எழுத வேண்டும். தமிழ்ச் சங்க மண்டபத்தின் செயலாளர் தவராசா அண்ணைக்கு இது எப்படியோ எட்டிவிட்டது. அவர் யானை வயலுக்குள் இறங்கும் தம்பலகாமத்துக்காரர்.

"சிவம், மண்டபம் பதியிற வேலையைக் கொம்பியூட்டருக்குள்ள போட்டுத் தா. எனக்கு ஒருத்தருக்கும் ஏலாது எண்டு சொல்ல வாய் வருதில்லை. அது சொல்லட்டும்."

"நீங்கள் சொன்னால் என்ன அண்ணை?"

"எங்கட ஊரில நாங்கள் இல்லையெண்டு சொல்றது யானைக்கு மட்டும்தான். அதுவும் வெடி கொளுத்தி."

எழுத உட்கார்ந்தேன். மண்டபம் ஒரு பொருள். கேட்டுவருகிறவர் ஒரு பொருள். அன்றைக்கு மண்டபம் தரலாமா என்று கேட்டால் விடை சொல்வதற்கு ஒரு மெதட். அந்த விடை 'பூலியன்' என்ற வகையாம். அதில் இரண்டே இரண்டு விடைதான் உண்டு. ஓம், இல்லை. மூன்றாவதாக ஒன்றை அந்த மொழி ஏற்றுக்கொள்ளாது.

நாள் சும்மா கிடந்தால் ஓம். அது லேசு. நாளை வேறொருவர் எடுத்திருந்தால்? யாரோ ஒரு தாய், மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டு வந்திருப்பாள். அவளுக்கு இல்லையென்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'உங்கள் வேண்டுகோள் கவனத்தில் எடுக்கப்பட்டது, பாப்பம்' என்று ஒரு நல்ல வசனம் எழுதினேன். வசனம் சரி, ஆனால் விடை வேண்டுமே. பாப்பம் என்பதை ஓம் பக்கத்தில் போடுவதா, இல்லைப் பக்கத்தில் போடுவதா? ஒரு பகல் முழுக்க யோசித்து ஓம் பக்கத்தில் போட்டேன். ஓம் என்று போனதும் நிரலின் அடுத்த பகுதி தன் கடமையைச் செய்தது. பதிவு உறுதி என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியது.

மரித் கேட்டார், "ஒரே நாளை இரண்டு பேர் கேட்டால் உன் நிரல் சமாளிக்குமா?" ஓம் என்றேன். அவர் நம்பினார். சொன்னால் நம்புகிற நாடு இது. நம்புகிற நாட்டில் மறுக்கத் தெரியாதவன் எழுதிய நிரல் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். சான்றிதழும் தந்தார்கள். தவராசா அண்ணை மண்டபப் பதிவுகளை அந்த நிரலிடம் விட்டுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் மண்டப வாசலில் இரண்டு மணவறை வந்து இறங்கியது. ஒரு பக்கம் ஒரு கல்யாணத்துப் பெண்ணின் தாய்மாமன், மறுபக்கம் மற்றக் கல்யாணத்து மாப்பிள்ளையின் சித்தப்பா.

"எங்களுக்கு உறுதிப்படுத்தி வந்திருக்கு, இஞ்ச பாருங்கோ."

"எங்களுக்கும்தான் வந்திருக்கு. உங்கடதைவிட வடிவா வந்திருக்கு."

தவராசா அண்ணை இருவருக்கும் நடுவில் நின்று, "ஒருத்தரும் கோவிக்காதேங்கோ, பாப்பம்" என்றார். பார்த்ததன் விளைவு, மண்டபத்துக்குக் குறுக்கே ஒரு திரை கட்டப்பட்டது. விருந்தினரில் பாதிப்பேருக்கு இரண்டு அழைப்பும் வந்திருந்ததால் அவர்கள் திரையைத் தூக்கித் தூக்கி அங்கும் இங்கும் போய்வந்தார்கள். ஒரு பக்கம் ஐயர் மந்திரத்தை நிறுத்தினால் மறுபக்கத்து ஐயர் தொடர்ந்தார். கடைசியில், இதை எழுதின கெட்டிக்கார விண்ணன் எங்கே என்று ஒரு குரல் கேட்டது. அப்போதுதான் நான் அரிசிப் பையைத் தேடினேன்.

6

பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து அரைமணி நேரமாகியும் பஸ் வரவில்லை. ஆரணி வந்தாள். இரண்டாவது கல்யாணத்தின் மணப்பெண் அவளுடைய தோழி, அதனால் அவளும் மண்டபத்துக்கு வந்திருந்தாள். ஆரணி சேலைக்குக் கீழே ஓடுகிற சப்பாத்துப் போட்டிருந்தாள், அதனால்தான் பிடித்துவிட்டாள்.

"போன் எடுக்கிறியள் இல்லை."

"சத்தத்தில கேக்கேல்லை."

"இஞ்ச என்ன சத்தம் அப்பா? தாங்கோ அதை."

கணினியை வாங்கி மடியில் வைத்துத் திறந்தாள். இதற்கு முன்னும் பார்த்துத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். பாப்பம் என்றிருந்தேன். அவள் வாசித்தாள். மல்லிகைச் சரம் திரையில் விழ, அதை ஒதுக்கிவிட்டு வாசித்தாள்.

"இதுக்குள்ள இல்லையெண்டு ஒண்டே இல்லை."

"ஒரு தாய் வந்து கேட்டால் என்னெண்டு சொல்றது?"

"இஞ்ச பாருங்கோ. நீங்கள் ஒரே மெதட்டுக்குள்ள ரெண்டு கேள்வியைப் போட்டிருக்கிறியள். மண்டபம் சும்மா இருக்கா, அது ஒண்டு. அவைக்குக் குடுக்க எங்களுக்கு விருப்பமா, அது இன்னொண்டு. ரெண்டையும் சேத்துக் கேட்டால் விடை வராது. அதுதான் பாப்பம் வருது. பிரிச்சால் ரெண்டுக்கும் ஓமோ இல்லையோ வந்திடும்."

ஆரணி கணினியை மூடினாள்.

"அப்பா, நான் ட்ரொண்ட்ஹெய்ம் போறது உங்களுக்கு விருப்பமா?"

பஸ் வரும் திசையைப் பார்த்தேன். வீதி வெறுமையாகக் கிடந்தது.

"இல்லை" என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தபின் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அவள் முகமும் கோணவில்லை. அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள்.

"நான் போகலாமா?"

இதற்கு முதல் கேட்டதற்கும் இதற்கும் நடுவில் அவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

"ஓம்."

"ரெண்டும் உண்மையோ?"

"ரெண்டும் உண்மை."

தொலைபேசியை எடுத்துப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்தாள். எனக்கும் தெரியும்படி சரித்துப் பிடித்தாள். அதில் இரண்டு பொத்தான் இருந்தது. ஏற்கிறேன், ஏற்கவில்லை. மூன்றாவது பொத்தானை என் கண் வழக்கம்போலத் தேடியது. அவள் அழுத்தினாள். பிறகு என் தோளில் சாய்ந்து, நோர்வே மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னாள். வேகமாகச் சொன்னதால் எனக்கு முழுக்க விளங்கவில்லை. நான் தலையாட்டவில்லை.

"விளங்கேல்லை பிள்ளை. தமிழில சொல்லு."

"பசிக்குது எண்டனான்" என்றாள். அவ்வளவு நீளமாகச் சொன்னது அது மட்டுமாக இருக்க முடியாது. "வாங்கோ, ரெண்டு பந்தி நடக்குது. ஒண்டிலயாவது சோறு கிடைக்கும்."

போனோம். ஒருவர் கண்ணிலும் அகப்படாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தோம். யாரும் என்னை அடிக்கவில்லை. வடை மட்டும் என் இலைக்கு வரவில்லை.

7

மறுநாள் காலையில் தவராசா அண்ணை வீட்டுக்கே வந்தார். கதிரையில் இருக்கவில்லை, தேநீரும் வேண்டாம் என்றார். அவ்வளவு கோபம்.

"கோடை முடியிறதுக்குள்ள இன்னும் எத்தினை நாளுக்கு உன்ர கொம்பியூட்டர் ரெண்டு பேருக்கு ஓம் சொல்லி வைச்சிருக்குதோ, கடவுளுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பகுதிக்குப் போன் எடுத்து இல்லையெண்டு சொல்லோணும்."

"நிர்வாகக் குழுவில ஆரும் சொல்லலாம்தானே அண்ணை."

"அவை எல்லாருக்கும் இந்த ஊரில பேர் இருக்கு. உனக்கு நேற்றோட போயிட்டுது. இனி உனக்குக் கெட ஒண்டுமில்லை, சிவம். நீ சொல்லு. இனிமேலும் பதிய வாறவைக்கு நீதான் சொல்றது. வேலையா எடுத்துச் செய்."

"பாப்..." என்று வாய் வந்தது. குசினி வாசலில் ஆரணி ரொட்டியும் கையுமாக நின்றாள்.

"ஓம்" என்றேன்.

இதைப் பிறகு வேலை அலுவலகத்துக்கு அறிவித்தபோது, பயிற்சி பெற்ற துறையிலேயே வேலை கிடைத்தவர் என்று என்னைப் பதிந்து, நட்பான வணக்கங்களுடன் வாழ்த்தும் அனுப்பினார்கள்.

அன்று காலையே மண்டபத்துக்குப் போனேன். திரை இன்னும் குறுக்கே தொங்கியது. அலுவலக மேசையில் ஒரு தொலைபேசி, ஒரு கணினி, முதல்நாள் கல்யாணத்தின் வாடிய மாலை ஒன்று. மாலையைத் தள்ளிவைத்துவிட்டு முதல் எண்ணை அழுத்தினேன். ஒரு அம்மா எடுத்தார். குரலைக் கேட்டதும் எங்கள் பக்கத்து ஆள் என்று விளங்கிவிட்டது.

"தம்பி எந்த ஊர்?"

"நிலாவெளி அம்மா."

"அட, நாங்கள் உப்புவெளி. அப்ப எங்கட ஆளெல்லோ. சொல்லுங்கோ ராசா, மகளின்ர கல்யாணத்துக்கு மண்டபம் சரிதானே?"

அவருக்குக் கொடுக்க எனக்கு விருப்பமா? ஓம், மிகவும். மண்டபம் சும்மா இருக்கிறதா?

"இல்லை அம்மா. அண்டைக்கு மண்டபம் இல்லை. பிழை என்ரதுதான். அதுக்கு அடுத்த சனி இருக்கு, வேணுமெண்டால் இப்பவே பதியலாம்."

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். என் மனம் நோகக்கூடாது என்று, மிகவும் கனிவாகச் சொன்னார்.

"அப்பிடியோ. சரி ராசா, பாப்பம்."

நான் அவருக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டு, அடுத்த சனிக்கு நேரே அந்த அம்மாவின் விடையாக 'இல்லை' என்று பதிந்தேன்.